இடது கன்னத்தில் கை

போன வாரம் ஆம்பூர் ரயிலடியில் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பெண்கள் தனகோடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் செத்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் அவளுக்குக் கால் தரையில் படாது என்றாகிவிட்டது. அவள் விரல் பட்ட இடம் கறுத்துப் போகுமாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன், அதற்குள் ரயில் வந்துவிட்டது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வைத்தியம் படித்தவள், கிறிஸ்துவைக் கும்பிடும் வேதக்காரி வேறு. ஆனாலும் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பட்டறைமேட்டுக்காரர்கள் எதைப் பேய் என்று சொன்னார்களோ, அது இருந்தது. அதை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தி.

1927-ஆம் வருஷம் எனக்கு இருபது வயது. வேலூரில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஐந்து மாணவிகள் சேர்ந்து எங்கள் சொந்த யோசனையில் ஒரு காரியம் தொடங்கியிருந்தோம். வியாழக்கிழமை காலையில் ரயிலேறி ஆம்பூரில் இறங்குவோம். ரஷீத் பாய் என்பவருடைய கூண்டு வண்டி காத்திருக்கும். மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத மூன்று ஊர்களுக்குப் போவோம். புண் கட்டுவோம், கண்ணுக்குச் சொட்டு விடுவோம், குழந்தைகளை நிறுப்போம். எங்களால் ஆகாத நோயாளியை அதே வண்டியில் படுக்க வைத்து ரயிலடிக்குக் கொண்டுவந்து வேலூருக்கு அழைத்துப் போவோம். நாங்கள் இன்னும் டாக்டர்கள் இல்லை. இருந்தாலும் ஊரெல்லாம் டாக்டரம்மா என்று கூப்பிட்டது, நாங்களும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மூன்று ஊர்களில் கடைசி ஊர் பட்டறைமேடு. பாலாற்றங்கரையில் தோல் மண்டியை ஒட்டிய தெரு அது. வடக்கேயிருந்து ரயிலில் காய்ந்த ஆட்டுத்தோல் கட்டுக்கட்டாக வந்து மண்டியில் இறங்கும். அதைப் பிரித்து, தூசி தட்டி, தரம் பார்த்து அடுக்குவது அந்தத் தெருப் பெண்களின் வேலை. அதற்கப்புறம்தான் தோல் சுண்ணாம்புக் குழிக்கும் ஆவாரம்பட்டைத் தொட்டிக்கும் போகும். தனகோடி அந்த மண்டியில் பதினைந்து வருஷமாகத் தோல் பிரித்தவள். புருஷன் மூர்த்தி பாம்பு கடித்துப் போய்விட்டான். மிச்சமிருந்தது சம்பூர்ணம் என்கிற ஒரே மகள், பதினோரு வயது.

அந்தத் தெருவுக்குள் முதலில் எங்களை யாரும் விடவில்லை. வெள்ளைச் சேலையும் பெட்டியுமாகப் போய் நின்றால் கதவைச் சாத்தினார்கள். தனகோடி மட்டும் சாத்தவில்லை. சம்பூர்ணத்துக்குக் காதில் சீழ் வடிந்து, காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் காதைக் கழுவி மருந்து வைத்தோம். நான் இரண்டு நாள் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்டேன். பிள்ளை பிழைத்தது. அடுத்த வியாழக்கிழமை தனகோடி வண்டிக்கு முன்னால் நடந்து வந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி எங்களை உள்ளே கூட்டிப்போனாள்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். திறக்காத கதவுக்கு முன்னால் நின்று அந்த வீட்டின் மானத்தைக் கப்பலேற்றுவாள். நான் ஊசி போடத் தடுமாறினால், தோல் தைக்கிற ஊசியை வேண்டுமானால் கொண்டு வரட்டுமா என்று கேட்பாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

கார்த்திகை மாதம் அவள் எங்களுக்கு ஒரு தலையணை கொடுத்தாள். வண்டி தூக்கிப் போடுகிற போட்டில் உங்கள் இடுப்பு ஒடிந்துவிடும், படுத்துக்கொண்டு வருகிற நோயாளி என்ன ஆவான் என்று சொல்லி, தன்னுடைய பழைய நீலச் சேலையைக் கிழித்துத் தைத்தது. உள்ளே ஆட்டு மயிர். மண்டித் தரையில் உதிர்ந்த மயிரை அள்ளி வந்து, வெயிலில் உலர்த்தி, அடைத்திருந்தாள். அவ்வளவு மெத்தென்ற தலையணையை எங்கள் விடுதியில்கூட நான் கண்டதில்லை. ஏழை கொடுத்த முதல் பரிசு என்று நாங்கள் பூரித்துப் போனோம். நோயாளிகளுக்கு மட்டும்தான் அது என்று எங்களுக்குள் ஒரு சட்டமும் போட்டுக்கொண்டோம்.

இனி மண்டிப் பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டிக்கு வேலைக்கு வரும் புதுப் பெண்ணுக்கு முதல் வருஷத்துக்குள் கையிலோ கழுத்திலோ ஒரு கொப்புளம் வரும். அரிக்கும், உடையும், நடுவில் கரியாய்க் கறுக்கும், சுற்றிலும் வீங்கும். வலிக்கவே வலிக்காது. பெரும்பாலும் சில வாரத்தில் பொருக்கு உதிர்ந்து தழும்பாகிவிடும். அன்றைக்கு மற்றப் பெண்கள் அவளுக்கு வெற்றிலை பாக்கு வைத்து, மண்டி உன்னை ஏற்றுக்கொண்டது என்பார்கள். தனகோடியின் முழங்கைக்குக் கீழேயும் அந்தத் தழும்பு இருந்தது. எப்போதாவது ஒருத்தி அதிலேயே காய்ச்சல் கண்டு செத்துப் போவாள். அவளை மண்டி ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்கள்.

இதற்கு ஒரு கதையும் இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு பெண்மேல் தோல் கட்டு சரிந்து விழுந்ததாம். அவள் அடியில் கிடப்பது தெரியாமல் மற்றவர்கள் அதன்மேலேயே உட்கார்ந்து கூழ் குடித்தார்களாம். அவள்தான் மண்டிக்காரி. புதிதாக யார் வந்தாலும் வந்து பார்த்து, கட்டை விரலால் ஒரு பொட்டு வைப்பாள். பிடித்தவர்களை விட்டுவிடுவாள், பிடிக்காதவர்களைக் கூட்டிக்கொள்வாள்.

நாங்கள் இதைக் கேட்டுச் சிரித்தோம். எங்கள் நோட்டுப் புத்தகத்தில் நானே என் கைப்பட எழுதினேன்: தோல் வேலை செய்வோருக்கு வரும் கறுப்புப் பொருக்கு, வலி இல்லை, கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த வரியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை கூசுகிறது.

தை மாதம் எங்கள் மூன்று ஊர்களில் ஒன்றான ஈச்சங்கொல்லையிலிருந்து கோதண்டபாணி என்ற குடியானவரை வண்டியில் கொண்டுபோனோம். கிணறு வெட்டும்போது கால் முறிந்திருந்தது. வேலூரில் எலும்பைச் சேர்த்துக் கட்டி, மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வியாழன் நாங்கள் போனபோது கால் நன்றாகத்தான் இருந்தது. இடது கன்னத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. கழுத்துவரை வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்றேன், இல்லை என்றார். கொசுவோ பூச்சியோ என்று களிம்பு தடவினேன். போகும்போது அவர் ஒன்று கேட்டார். வண்டியில் வரும்போது என் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தது உங்களில் யாரம்மா?

நாங்கள் யாரும் தடவவில்லை. காய்ச்சல் மயக்கம் என்று நினைத்தோம். இரண்டு நாளில் அவர் இறந்துவிட்டார்.

அடுத்தது ஆம்பூர் அக்தரி பேகம். பிள்ளைப்பேறு சிக்கலாகி, அவர்கள் வீட்டார் திரை போட்டு அதே வண்டியில் ரயிலடிக்கு அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் நலமாகத் திரும்பினார்கள். எட்டாம் நாள் பார்க்கப் போனேன். அந்த அம்மாளின் இடது கன்னத்தில் கறுப்புப் பொட்டு. நல்ல உடம்பு, தாங்கிக்கொண்டது, பிழைத்துவிட்டார். அவரும் சொன்னார், வழி நெடுக யாரோ கன்னத்தைத் தடவினார்கள், அந்த வேதனையிலும் அது இதமாக இருந்தது என்று.

மூன்றாவது, கூலி வேலை செய்யும் கோவிந்தம்மாள். வலது தாடையில் சீழ்க்கட்டி. அதே வண்டியில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோய்க் கீறி அனுப்பினோம். வலது பக்கம் ஆறிக்கொண்டு வரும்போதே இடது கன்னம் கறுத்தது. அவளும் போய்விட்டாள். சாவதற்கு முன்னால் அவளும் அதையேதான் சொன்னாளாம்.

மூன்று பேரும் மண்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள். அவர்களுக்கு எப்படி மண்டிப் பொட்டு வந்தது? எங்களைவிட முன்னால் ஜனங்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். மண்டிக்காரி மண்டியை விட்டுக் கிளம்பிவிட்டாள், டாக்டரம்மா வண்டியில் ஏறிக்கொண்டாள்.

பங்குனி மாதத்து முதல் வியாழக்கிழமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நடுப்பகல், வெயில் கொளுத்துகிறது. வண்டி பட்டறைமேட்டுக்குள் நுழைந்தது. யாரும் ஓடவில்லை, கதவைச் சாத்தவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் எல்லோரும் நின்றார்கள். கிழவர்கள், பெண்கள், இடுப்புப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் இடது கையால் இடது கன்னத்தை மூடியிருந்தார்கள். கைக்குழந்தையின் கன்னத்தைத் தாய் மூடியிருந்தாள். ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது. ரஷீத் பாய் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் இடது கையும் கன்னத்தில் இருந்தது.

"நம்பிக்க இல்லம்மா," என்றார். "ஆனா மனசு பேஜாரா கீது."

அன்று ஒருவரும் மருந்துக்கு வரவில்லை. அதற்கடுத்த இரண்டு வியாழனும் அப்படியே. தனகோடி ஒருத்திதான் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்களோடு நடந்தாள். தெருக்காரர்களை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அவளுக்கே பயம் இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது, ஏசும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான்காவது வியாழன் நாங்கள் தெருமுனைக்கு வரும்போதே அவள் ஓடி வந்தாள். சம்பூர்ணத்துக்கு முந்தின நாளிலிருந்து வயிற்று வலி. தொட்டுப் பார்த்தேன். வலது அடிவயிறு பலகையாய் இறுகியிருந்தது. குடல் முனை வீங்கிச் சீழ் பிடிக்கிற நோய் அது, உடனே கீறாவிட்டால் பிள்ளை தங்காது. தனகோடியிடம் அப்படியே சொன்னேன். சாயங்கால ரயிலைப் பிடித்தாக வேண்டும், ரயிலடிக்குப் போக வேறு வண்டி கிடையாது.

தெரு கூடிவிட்டது. வீட்டில் செத்தாலும் உன் மடியில் சாகும், அந்த வண்டியில் ஏற்றாதே என்று பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று பேர் அந்த வண்டியில் ஏறினார்கள், மூன்று பேருக்கும் பொட்டு.   தனகோடி மகளை வாரித் தூக்கி வண்டியில் கிடத்தினாள்.

"அவ கை வெக்கறதுக்கு முன்னால என் கை இருக்கும்," என்றாள்.

எங்கள் வண்டியில் மருந்துப் பெட்டி வலது பக்கம் கட்டியிருக்கும், நாங்கள் அதன்மேல் உட்காருவோம். நோயாளியின் தலை வண்டிக்காரர் பக்கம், கால் பின்பக்கம். அன்று இடமில்லாமல் மற்ற மாணவிகள் பின்னால் நடந்து வந்தார்கள். சம்பூர்ணம் என்னைப் பார்த்தபடி ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். கன்னத்தின் கீழே நீலத் தலையணை. தனகோடி தன் உள்ளங்கையை மகளின் இடது கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவில் கொடுத்து வைத்திருந்தாள். வண்டியின் குலுக்கலில் அந்தக் கை நசுங்கியது, எடுக்கவில்லை.

பாதி வழியில் பிள்ளை வாந்தியெடுத்தது. தனகோடி கையை எடுத்து, வாயைத் துடைத்து, சட்டி பிடித்தாள். பிள்ளை திரும்பவும் தலையைச் சாய்த்தது. வெள்ளை வெயில், ஆற்று மணல் தகதகக்கிறது, காற்றே இல்லை. தனகோடி சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என் கை இரண்டும் என் மடியில் இருந்தன. அப்போது சம்பூர்ணம் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"யம்மா, தடவாதம்மா. கன்னம் கூசுது."

தனகோடி தன் கைகளைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள்.  படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, அந்தக் கணத்தில் நான் மண்டிக்காரியை நம்பினேன். வண்டிக்குள் நாலாவதாக ஒருத்தி உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் பட்டது. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு பிள்ளையின் முகத்தையே பார்த்தேன்.

அதனால்தான் தெரிந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் பிள்ளையின் கன்னத்தை ஒட்டி ஏதோ அசைந்தது. குனிந்தேன். நீலத் துணியின் இழைகளுக்குள்ளிருந்து கறுப்பு கறுப்பாக மயிர் நுனிகள் துருத்திக்கொண்டிருந்தன. எத்தனையோ மைல் குலுங்கி, உள்ளிருந்த ஆட்டு மயிர் துணியைத் துளைத்து வெளியே வந்திருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது பிள்ளையின் கன்னத்தைத் தடவியது.

எல்லோரும் இந்தப் பக்கம்தான் படுத்தார்கள் என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். பெட்டியைப் பார்த்து, இடது கன்னம் கீழாக. கோதண்டபாணி, அக்தரி பேகம், கோவிந்தம்மாள், எல்லோரும்.

தனகோடி சட்டியை வைத்துவிட்டு, பிள்ளையின் தலையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு தலையணையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி, மோந்து பார்த்தாள். பதினைந்து வருஷம் தோல் பிரித்த விரல். அறுத்த ஆட்டின் தோல் எது, நோவில் செத்த ஆட்டின் தோல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். அவள் முகம் வெளிறிப்போவதை நான் பார்த்தேன்.

"அறுத்த தோல்ல மயிரு பிடுங்கனாதான் வரும்," என்றாள். "அந்தக் கட்டுல தொட்டதும் தானா வந்துச்சு. அள்ள அள்ள ஜாஸ்தியா வந்துச்சு. அதான் நல்லா மெத்துனு கீதேன்னு எடுத்துனு வந்தேன்."

அந்தக் கட்டு பிரித்த மாதம்தான் மண்டியில் புதிதாக மூன்று பெண்களுக்குப் பொட்டு வந்தது என்பதும் அவளுக்கே நினைவு வந்தது. சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் ரஷீத் பாயிடம் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். இறங்கி ஓரமாக நின்று, அவளும் வாந்தியெடுத்தாள்.

எனக்கோ வேறொன்று நினைவு வந்துவிட்டது. ஆடு மாடுகளுக்கு வருகிற அடைப்பான் நோய், இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ்; அதன் கிருமி செத்த விலங்கின் தோலிலும் மயிரிலும் வருஷக்கணக்காய் உயிரோடிருக்கும், தொட்ட மனிதனுக்கு வலியில்லாத கறுப்புப் புண்ணாக வரும். எங்கள் பாடப் புத்தகத்தில் படத்தோடு இருந்தது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல மார்க். படத்திலிருந்தவன் ஏதோ குளிர் தேசத்துக் கம்பளித் தொழிலாளி. பட்டறைமேட்டுப் பெண்களின் கையில் அதையே பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்கள் வலியில்லை என்று சொன்னார்கள், நான் நல்லதாயிற்று என்று எழுதிக்கொண்டேன்.

சம்பூர்ணத்துக்கு அன்றிரவே வயிற்றைக் கீறினார்கள். அது நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறம் தனகோடிக்கு வயிற்றைப் பற்றிக் கவலையில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. நானும் வகுப்பு முடிந்ததும் அங்கே போய்விடுவேன்.  முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் பிள்ளை கன்னத்தைச் சொறிந்தது. கடுகளவு ஒரு சிவப்பு.

முன்கூட்டியே நான் சொல்லி வைத்திருந்ததால், மதராஸிலிருந்து ரயிலில் ஊசி மருந்து வந்து சேர்ந்திருந்தது. கறுக்கும்முன்பே போட்டார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. ஆறு நாள் போராட்டம். ஏழாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கன்னத்தில் ஒரு காசு அகலத்துக்குக் கறுத்த தழும்பு நின்றுவிட்டது. டாக்டர் வந்து இனிப் பயமில்லை என்று சொன்னதும் தனகோடி முதல் தடவையாக அழுதாள். மகளுக்காக மட்டும் அழவில்லை. கோதண்டபாணியின் பெயரையும் கோவிந்தம்மாள் பெயரையும் சொல்லிச் சொல்லி அழுதாள்.

தலையணையை ஆஸ்பத்திரிக் கொல்லையில் எரித்தோம். வண்டியைக் கொதிக்கும் மருந்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். அப்புறம் நாங்கள் ஐந்து பேரும் கூடிப் பேசினோம். வண்டியைச் சுத்தம் செய்துவிட்டோம், இனி ஒன்றும் வராது என்று மட்டும் ஜனங்களிடம் சொல்வதாக முடிவு செய்தோம். தலையணை யார் கொடுத்தது என்று சொன்னால் அந்தத் தெருவில் தனகோடி எப்படிக் குடியிருப்பாள்? அவளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டோம். எங்களையும்தான் காப்பாற்றிக்கொண்டோம், அதை யாரும் சொல்லவில்லை.

அவளிடம் இதை நான் சொன்னபோது, சுத்தம் பண்ணிவிட்டோம் என்றால் யார் நம்பப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டாள்.

சித்திரையில் மறுபடி வண்டி போனது. தெரு நின்றது, கைகள் கன்னத்துக்கு ஏறின. தனகோடி வண்டிக்கு முன்னால் நடந்தாள், பக்கத்தில் தழும்போடு சம்பூர்ணம். தெரு நடுவில் அவள் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், சாதாரணமாகப் பேசினாள்.

"வண்டில ஒண்ணும் இல்ல. இந்தப் பொண்ணுங்க மேலயும் இல்ல. செத்த ஆட்டு மயிர அடச்சி நான் குடுத்த தலகாணில இருந்துச்சு. அந்தப் பொட்டு வெச்சது நான். என் பொண்ணுக்கும் நானேதான் வெச்சேன்."

அவளை அடிப்பார்கள் என்று நினைத்து நான் வண்டியிலிருந்து குதித்துவிட்டேன். யாரும் அடிக்கவில்லை.  கன்னத்தில் கை வைத்தபடியே மெள்ளத் திரும்பினார்கள். அதுவரை வண்டியைப் பார்த்து நின்ற தெரு, அவளைப் பார்த்து நின்றது. அவ்வளவுதான் நடந்தது. நோயைப் பற்றி, மயிரைப் பற்றி நாங்கள் விளக்கியதெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை. மண்டிக்காரி யார் என்று தெரிந்துவிட்டது, அது போதும் அவர்களுக்கு.

அடுத்த வியாழன் நாலு பேர் மருந்துக்கு வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பத்துப் பேர். பயம் வண்டியை விட்டு இறங்கி அவள்மேல் ஏறிக்கொண்டது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு வியாழனும் வண்டிக்கு இருபது அடி முன்னால் நடந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துக் கன்னத்தை மூடுவார்கள், அவள் கடந்து போனதும் கையை எடுத்துவிட்டு எங்களிடம் வருவார்கள். பதினோரு வருஷம் அப்படி நடந்தாள். நாங்கள் படிப்பு முடித்துப் போனோம், எங்களுக்குப் பின்னால் வந்த மாணவிகள் போனார்கள், அவள் நடந்தாள். பழைய வாய் போய்விட்டது. யாரையும் ஏசுவதில்லை.

மண்டியில் அவள் வேலையை விடவில்லை. தோல் கட்டைப் பிரித்ததும் மயிரை இழுத்துப் பார்ப்பாள். தானாக வந்தால் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். தனகோடி எழுந்த கட்டை வேறு எந்தப் பெண்ணும் தொட மாட்டாள், குமாஸ்தா தலைகீழாக நின்றாலும் நடக்காது. கடைசியில் அந்தக் கட்டுகளை ஆற்றோரம் கொண்டுபோய் எரித்தார்கள். நாங்கள் எத்தனை மனு எழுதியும் நடக்காதது அது. அவளுக்கிருந்த கெட்ட பெயர் அதைச் செய்துகொடுத்தது. மண்டிப் பொட்டு வருஷத்துக்கு ஒன்று இரண்டாகக் குறைந்தது. அதற்காகவும் யாரும் அவளுக்கு வெற்றிலை பாக்கு வைக்கவில்லை.

ஒருமுறை கேட்டேன், உனக்கு இது கஷ்டமாக இல்லையா அக்கா என்று. ராத்திரி கோதண்டபாணி பெண்டாட்டி மட்டும் கனவில் வருவாள், ஒன்றும் கேட்க மாட்டாள், தலைக்கு வைத்துக்கொள்ள ஏதாவது கொடு என்பாள் என்றாள்.  அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

1938 மார்கழியில் மார்ச்சளி கண்டு அவள் இறந்தாள். தந்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிவிட்டார்கள். அந்தத் தெருப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை, தெருமுனைவரைதான். காலை பதினோரு மணி இருக்கும், நல்ல வெளிச்சம். பாடை தெருவுக்குள் நகர்ந்தது. முன்பு நான் பார்த்தது போலவே இரண்டு பக்கமும் எல்லோரும் நின்றார்கள். எல்லோருடைய இடது கையும் இடது கன்னத்தில் இருந்தது. பறைச் சத்தம்கூட அந்த இடத்தில் தயங்கியது. செத்தும் அவளை விடவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சம்பூர்ணம் என் பக்கத்தில் நின்றாள். இருபத்திரண்டு வயது. தழும்புள்ள கன்னத்தை மூடாமல் நின்றாள். இடுப்பில் அவளுடைய மூன்று வயதுப் பெண், தனகோடியின் பேத்தி. குழந்தை தெருவை ஒரு பார்வை பார்த்தது. எல்லோரையும் போலத் தன் சின்னக் கையைத் தூக்கி இடது கன்னத்தில் வைத்துக்கொண்டது.

சம்பூர்ணம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எட்றி கைய," என்றாள். "அது உங்க ஆயா."